வயித்துவலியப் பாடற பாட்டு எங்கம்மாவுக்கு எப்படிங்க ஆறுதலாகுது?

நூல்கண்டு:

வணக்கம்ங்க. இந்தக் குழுவுல மூணு வருஷமா படிச்சுட்டு மட்டும் இருக்கேன், எழுதறது இதான் முதல் தடவை, தப்பா கேட்டிருந்தா மன்னிச்சுக்கோங்க.

எங்கம்மாவுக்கு 68 வயசு. போன ஆவணில வயித்துல கட்டின்னு கண்டுபிடிச்சாங்க, இப்ப ஆறாவது கீமோ ஏத்தி பத்து நாள் ஆச்சு. மருந்து ஏத்தின மூணாம் நாள்ல இருந்துதான் பாடு, வாய் பூரா புண்ணு, ரசஞ்சோறு கூட எரியுது, ராத்திரி தூக்கமே கிடையாது. விடியக்காலம் மூணரை நாலுக்கு எந்திரிச்சு கட்டல்ல உக்காந்துக்குவாங்க, நான் முழிச்சிரக் கூடாதுன்னு லைட்டு கூட போடாம போனை சத்தம் கொறச்சு காதுகிட்ட வெச்சு தேவாரம் கேப்பாங்க. முக்காவாசி நாள் ஒரே பதிகம்தான், அப்பர் பாடின "கூற்றாயினவாறு".

எனக்கு சாமி நம்பிக்கை இல்லைங்க. எங்கப்பா ரோட்டு விபத்துல போன வருஷமே அது விட்டுப்போச்சு, அப்புறம் திரும்பி வரவே இல்ல. அம்மாகிட்ட அதப்பத்தி ஒரு நாளும் வாதம் பண்ணினதில்ல, அவங்க கோயிலுக்குள்ள போனா நான் வெளிய வேப்பமரத்தடில உக்காந்திருப்பேன், அவ்வளவுதான்.

போன வாரம் தூக்கம் வராம நானும் போய் பக்கத்துல உக்காந்தேன். அன்னைக்குத்தான் வார்த்தைய கவனிச்சேன். "வயிற்றோடு துடக்கி முடக்கியிட"ன்னு வருது. வயித்தோட சேத்து கட்டி சுருட்டிப் போடுதுன்னு பாடறாரு, அதக் கேக்கறவங்க வயித்துல கைய வெச்சு அமுக்கிக்கிட்டு உக்காந்திருக்காங்க. எனக்கு பகீர்னு ஆயிருச்சு. ஏம்மா இதயே கேக்கறீங்க, மனசுக்கு தெம்பா வேற ஏதாச்சும் போட்டுத் தரட்டுமான்னு கேட்டேன். "இதுதாங்கண்ணு தெம்பு. எனக்கு சொல்லத் தெரியல, அவரு சொல்றாரு"ன்னாங்க.

அதுல இருந்து எனக்கு இதே நெனப்புதான். வலியப் பத்தின பாட்டு வலியக் கூட்டாம எப்படி கொறைக்குது, அதுக்கு நம்பிக்கை இருந்தாத்தான் ஆகுமா, இல்ல ராகத்துலயே ஏதோ இருக்குதா, ஏன்னா உண்மையச் சொல்லணும்னா சாமியே இல்லைன்னு சொல்ற எனக்கும் அன்னைக்கு அந்தப் பாட்டு கேட்டு தொண்டை அடைச்சுருச்சு, அது என்னன்னு எனக்குப் புரியல. சங்கீதம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. அம்மாவுக்குப் போட்டுக் காட்ட வேற ஏதாச்சும் இருந்தாலும் சொல்லுங்க, கர்நாடக சங்கீதந்தான்னு இல்ல, எதுவானாலும்.

---

கெடிலம்:

அம்மா சீக்கிரம் தேறி வரணும்மா. நான் பண்ருட்டி பக்கம், அந்தப் பதிகம் பொறந்த திருவதிகை எங்க ஊர்ல இருந்து சைக்கிள் தூரம். ஸ்கூல் படிக்கறப்ப ஒரு ஓதுவார்கிட்ட ஆறு வருஷம் தேவாரம் பாடம் கேட்டவன்ங்கற உரிமைல எழுதறேன்.

அம்மா சொன்ன பதில்தான் சரியான பதில். அதுக்கு மேல நான் சொல்றதெல்லாம் உரைதான்.

கதை தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் ஒரு விஷயத்துக்காக சொல்றேன். ஏழாம் நூற்றாண்டு. அப்பருக்கு வீட்டுல வெச்சது மருள்நீக்கியார்னு பேரு, சமணத்துக்குப் போயி தருமசேனர்னு பெரிய ஆளா பாடலிபுத்திரத்துல, அதாவது இன்னைக்கு கடலூர்ல இருக்கற திருப்பாதிரிப்புலியூர்ல இருந்தவர். சூலை நோய் வருது. அங்க இருந்த மருந்தும் மந்திரமும் கேக்கல. ராத்திரியோட ராத்திரியா யாருக்கும் தெரியாம கிளம்பி அக்கா திலகவதியார்கிட்ட வர்றார். அந்த அக்கா யாரு? கல்யாணம் பேசி வெச்ச மாப்பிள்ளை போர்ல செத்துப்போக, தானும் உயிர விட்டுடலாம்னு நெனச்சு, தம்பிக்காக உயிரோட இருந்தவங்க, திருவதிகைக் கோயில்ல வாசல் கூட்டி மெழுகிக்கிட்டு இருந்தவங்க. அவங்க திருநீறு குடுத்து சன்னதிக்கு கூட்டிட்டுப் போறாங்க. அங்க நின்னு பாடினதுதான் இது. அவர் பாடின முதல் பதிகமே இதுதான், நாலாம் திருமுறையோட முதல் பதிகம். அதாவது அவ்வளவு பெரிய பாட்டுப் பயணம் மொத்தமும் ஒரு வயித்துவலில இருந்துதான் ஆரம்பிக்குது.

இப்ப வார்த்தைய பாருங்க. ரெண்டாம் பாட்டு முடியற இடத்துல "அஞ்சேலும் என்னீர்"னு ஒரு சொல் இருக்கு. "பயப்படாதேன்னு ஒரு வார்த்தை கூட சொல்ல மாட்டேங்கறீரே"ன்னு அர்த்தம். குணமாக்கலைங்கறது அப்புறம், ஆறுதலா ஒரு சொல் கூட சொல்லலையேன்னு கேக்கறார். ஆஸ்பத்திரில கெடந்தவங்களுக்குத் தெரியும் இந்தக் கேள்வி. ஆறாம் பாட்டுல "தமிழோடு இசைபாடல் மறந்தறியேன்"னு வருது, "நலந்தீங்கிலும் உன்னை மறந்தறியேன்"னு வருது, நல்லதுலயும் கெட்டதுலயும் நான் உன்னை மறக்கலையேன்னு கணக்கு சொல்றார். நம்பிக்கைன்னா வாய மூடிக்கிட்டு தாங்கறதுன்னு நம்ம ஆளுங்க பல பேர் நெனச்சுக்கிட்டு இருக்காங்க. இவர் நம்பறதுனாலதான் வாயத் தெறந்து கேக்கறார். கேக்கறதுக்கு எதிர்ல ஒருத்தர் நிக்கறார்ங்கறதுதான் அவருக்குக் கெடச்ச தெம்பு.

இசை பத்தி கேட்டீங்க. இந்தப் பதிகத்துக்குப் பண், அதாவது தேவாரத்துக்கு உண்டான பழைய ராகம், கொல்லி. ஓதுவாமூர்த்திகள் இன்னைக்கு அத நவரோஜ் ராகத்துல பாடுவாங்க. நவரோஜ் எப்படிப்பட்டதுன்னா கீழ் பஞ்சமத்துல ஆரம்பிச்சு நடு பஞ்சமத்தோட நின்னுடும், மேல் ஸட்ஜத்துக்கு ஏறவே ஏறாது. பஞ்சமாந்திய ராகம்னு சொல்லுவாங்க. ஊர்ல தாலாட்டு பாடற ராகம் அது. யோசிச்சுப் பாருங்க, குடல் சுருட்டற வலிய, அதட்டி கேள்வி கேக்கற வார்த்தைய, பிள்ளைய தூங்க வெக்கற ராகத்துல வெச்சிருக்கு மரபு. எங்க ஓதுவார் சொல்லிக்குடுக்கறப்ப "கத்தாதடா, நோயாளிக்கு கத்த பலம் ஏது, கிட்டக்க உக்காந்து சொல்ற மாதிரி சொல்லு"ன்னு தொடைல தட்டுவார். உச்சஸ்தாயி கிடையாது, மூச்சு முட்டாது, வாய்ப்புண்ணு இருக்கறவங்க கூட முணுமுணுக்கலாம். அம்மா வாய் அசையுதான்னு கவனிச்சுப் பாருங்க.

சுந்தரர் இதவிட ஒரு படி மேல போவார். கண்ணு ரெண்டும் போயிடுச்சு, காஞ்சிபுரத்துல ஒரு கண்ணு வந்துச்சு, இன்னொண்ணுக்காக திருவாரூர்ல நின்னு பாடறார். "எற்றுக்கு அடிகேள் என்கண் கொண்டீர், நீரே பழிப்பட்டீர்", எதுக்கு என் கண்ண எடுத்தீங்க, பழி உங்களுக்குத்தான்னுட்டு, பாட்டுக்குப் பாட்டு "வாழ்ந்து போதீரே"ன்னு முடிக்கறார். நல்லா இருங்கன்னு சண்டை போட்டவங்க சொல்ற தொனி. செந்துருத்தின்னு ஒரு பண், தேவாரம் மொத்தத்துலயும் அந்தப் பண்ணுல இருக்கறது இந்த ஒரே பதிகந்தான். மத்தியமாவதில பாடுவாங்க. அம்மாவுக்கு கண்டிப்பா போட்டுக் காட்டுங்க.

---

மூணாம்காலம்:

கெடிலம் ஐயா எழுதினதுக்கு அப்புறம் நான் சேக்கறதுக்கு பெருசா இல்ல, ஆனா தஞ்சாவூர்க்காரனா இருந்துட்டு தியாகராஜர பத்தி சொல்லாம போக மனசு வரல.

"நகுமோமு" கேட்டிருப்பீங்க, ஆபேரி. கல்யாண வீட்டு நாதஸ்வரத்துல கூட வாசிக்கறதால சந்தோஷப் பாட்டுன்னு நெனச்சிடறோம். தெலுங்கு அர்த்தம் தெரிஞ்சா அப்படி இருக்காது. உன் சிரிச்ச முகத்த பாக்காம நான் படற பாட்டை தெரிஞ்சும் காப்பாத்த வரமாட்டியான்னு ஆரம்பிக்கறார், சரணத்துல பாருங்க, உன் கருடன் நீ சொன்னதும் கிளம்பலையா, வானத்துக்கும் பூமிக்கும் ரொம்ப தூரம்னு சொல்லிட்டானான்னு கேக்கறார். திருவையாத்துல ஒரு சின்ன வீட்டுல தம்பூராவோட உக்காந்திருந்த மனுஷன், வண்டி கிடைக்கலையான்னு சொந்தக்காரர கேக்கற மாதிரி ராமர கேக்கறார். இவரோட ராமர் விக்ரகத்த அண்ணனே எடுத்து காவிரில போட்டதாவும், அத தேடி தோடில அழுததாவும், கெடச்சப்ப பிலஹரில பாடினதாவும் பரம்பரையா சொல்லிக்கிட்டு வர்றாங்க. எங்க பாட்டுவாத்தியார் அந்தத் தோடி கீர்த்தனைய சொல்லிக்குடுத்துட்டு அடுத்த வாரமே பிலஹரிய சொல்லித்தர மாட்டார், ஒரு மாசமாவது காக்க வெப்பார். தேடாதவனுக்கு கெடச்ச சந்தோஷம் பாட வராதுங்கறது அவர் கட்சி.

நம்பிக்கை இல்லாதவங்க கேக்கலாமான்னு நீங்க கேட்டதுக்கு எனக்குத் தெரிஞ்ச பதில் ஷேக் சின்ன மௌலானா சாகேப். ஆந்திராவுல பொறந்த முஸ்லிம், தஞ்சாவூர் பாணி நாதஸ்வரம் மேல பித்து பிடிச்சு ஸ்ரீரங்கத்துலயே வந்து குடியிருந்து, ரங்கநாதர் மேலயும் ராமர் மேலயும் இருக்கற கீர்த்தனைங்கள வாழ்நாள் பூரா வாசிச்சவர். அவர் வாசிப்ப கேட்டா ஒருத்தனும் இது யார் சாமின்னு கேக்க மாட்டான். பாட்டு பொறந்தது ஒரு நம்பிக்கைல, அத மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது, ஆனா உள்ள வர்றவங்ககிட்ட அது அடையாளச்சீட்டு கேக்கறதில்ல.

---

நைட்டுஷிஃப்ட்:

நான் பாட்டுக்காரி இல்ல. வலி நிவாரண வார்டுல 11 வருஷமா நர்ஸா இருக்கேன். ரெண்டு விஷயம் சொல்லியே ஆகணும், கொஞ்சம் கசப்பா இருந்தா பொறுத்துக்கோங்க.

முதல்ல, விடியக்காலம் உக்காந்துட்டு வயித்த அமுக்கிக்கறாங்கன்னா அவங்களுக்கு வலி மருந்து பத்தலைன்னு அர்த்தம் தங்கச்சி. டாக்டர்கிட்ட அத இதே வார்த்தைல சொல்லுங்க, எத்தனை மணிக்கு வருது, எவ்வளவு நேரம் இருக்குதுன்னு ஒரு நோட்டுல குறிச்சு எடுத்துட்டுப் போங்க. மார்ஃபின்னாலே பயப்படறாங்க நம்ம ஜனங்க, சரியான அளவுல டாக்டர் பாத்து குடுத்தா பயமில்ல. வாய்ப்புண்ணுக்கும் மருந்து இருக்கு. பாட்டு மருந்துக்கு பதில் இல்ல, மருந்தோட கூட வர்றது.

ரெண்டாவது, நம்பிக்கைன்னு பேர் சொல்லிக்கிட்டு நோயாளிகிட்ட வந்து "போன ஜென்மத்து பாவம்"னு சொல்லிட்டுப் போற சொந்தக்காரங்கள நான் வாரம் ரெண்டு பேர பாக்கறேன். ஒரு பாட்டி, மார்புல கட்டி, என் கைய பிடிச்சுக்கிட்டு நான் யாருக்கும்மா அப்படி என்ன பண்ணினேன்னு ராத்திரி பூரா கேட்டாங்க. அந்த வலிக்கு எந்த மருந்தும் இல்ல என்கிட்ட. அதனால நம்பிக்கைதான் ஆறுதல்னு யாராவது பொத்தாம்பொதுவா எழுதினா எனக்கு கோபம் வரும். அது எந்த வாயில இருந்து வருதுங்கறத பொறுத்துத்தான் இருக்கு.

ஆனா பாட்டு பத்தி நீங்க எழுதினது நெஜம். கண்ணால பாத்திருக்கேன். பேச்சு நின்னுபோன ஒருத்தர், மகன் போன்ல நாதஸ்வரம் போட்டு தலகாணி பக்கத்துல வெச்சான், அவர் வலது கை ஆள்காட்டி விரல் போர்வை மேல தாளம் போட ஆரம்பிச்சுது. நான் டிரிப்ஸ் மாத்திக்கிட்டு இருந்தேன், கைய எடுக்காம அப்படியே நின்னுட்டேன். முப்பது நிமிஷம் போல தாளம் தப்பவே இல்ல. அன்னைக்கு சாயந்திரம்தான் போனார். ஒண்ணு மட்டும், நோயாளி எத கேக்கறாங்களோ அதப் போடுங்க, நமக்கு எது நல்லதுன்னு தோணுதோ அத இல்ல.

---

கெடிலம்:

நைட்டுஷிஃப்ட் அம்மா, நீங்க சொன்ன அந்தப் பாட்டி கேட்ட கேள்வி இந்தப் பதிகத்துலயே இருக்கு. "கொடுமைபல செய்தன நான் அறியேன்"னு முதல் பாட்டுலயே வருது. அறியாம செஞ்ச கொடுமைகள்னும் அர்த்தம் சொல்றாங்க, அப்படி செஞ்சதா எனக்குத் தெரியலையேன்னும் எடுத்துக்கலாம். எனக்கு என்னவோ ரெண்டாவதுதான் காதுல விழுது, இது என் ரசனை, உரைகாரங்ககிட்ட சண்டைக்குப் போகல. பெரியபுராணத்துல அந்த நோயக் குடுத்ததே சிவன்தான்னு வேற வருது, தம்பிய திருப்பித் தாங்கன்னு அக்கா வேண்டினதால. அத எப்படி எடுத்துக்கறதுன்னு எனக்கு அறுபது வயசுலயும் பிடிபடல. ஆனா ஒண்ணு பாருங்க, திலகவதியார் தம்பிகிட்ட நீ செஞ்சதுக்கு அனுபவின்னு சொல்லல. நீறு குடுத்து கூட்டிட்டுப் போனாங்க.

---

பாளை டெனர்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம், வணக்கம். நான் பாளையங்கோட்டைல சபை பாடகர் குழுவுல முப்பது வருஷமா டெனர் பாடுறேன். எங்க ஊர்ல தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனைகளும் ராகத்தோட பாடுவோம், அடுத்த ஞாயிறு ஜெர்மன் இசைக்காரரு பாக் எழுதுன கோரல், அதாவது சபைப் பாட்டும் பாடுவோம், ரெண்டும் எங்களுக்கு வீட்டுச் சாப்பாடுதான். தங்கச்சி எதுவானாலும் சொல்லுங்கன்னு கேட்டதால எங்க பக்கத்து விஷயத்த கொஞ்சம் நீட்டி எழுதுறேன்.

நவரோஜ் தாலாட்டுன்னு அண்ணாச்சி எழுதுனத படிச்சதும் எனக்கு உடம்பு சிலிர்த்துட்டு. ஏன்னா ஜெர்மனில லைப்சிக்ல பாக் இதே வேலையத்தான் செஞ்சிருக்காரு. 1727 பிப்ரவரி 2ந்தேதி ஆராதனைக்கு ஒரு கான்டாட்டா, அதாவது குரலும் கருவிங்களும் சேர்ந்த ஆலய இசை எழுதுனாரு, "இக் ஹாபே கெனுக்", எனக்குப் போதும்னு அர்த்தம். லூக்கா ரெண்டாம் அதிகாரத்துல சிமியோன்னு ஒரு பெரியவரு கொழந்தை இயேசுவ கையில ஏந்திக்கிட்டு, ஆண்டவரே இனி நான் சமாதானமா போறேன்னு சொல்லுவாருல்லா, அந்த இடம். ஒரே ஒரு பேஸ் குரல், அதாவது ஆம்பளையோட கனத்த கீழ்க்குரல், கூட ஓபோங்கிற ஊதுற கருவி. நடுவுல வர்ற பாட்டு "தூங்குங்க, களைச்ச கண்ணுங்களே"ன்னு ஆரம்பிக்கும், அது சாவப் பத்துன பாட்டு, அத அப்படியே தாலாட்டா வச்சிருக்காரு. நடுநடுவுல இசை நின்னு நின்னு போகும், கண்ணு சொருகுற மாதிரி.

இத எழுதுன மனுஷன் சாவ ஏட்டுல படிச்சவரு இல்ல. பத்து வயசு முடியுறதுக்குள்ள அம்மா அப்பா ரெண்டு பேரும் போயிட்டாங்க. 1720ல ராஜாவோட வெளியூர் போயிட்டு வீட்டுக்குத் திரும்புறாரு, முதல் மனைவி மரியா பார்பரா செத்து அடக்கமும் ஆயிட்டு. ரெண்டு மனைவிக்குமா இருபது பிள்ளைங்க, அதுல பாதி பேரு வளரவே இல்ல. இந்தக் கான்டாட்டாவுக்கு முந்துன வருஷம் கூட மூணு வயசு மகள ஒண்ண பறிகுடுத்திருக்காரு. அப்படிப்பட்டவரு ஆலயத்துக்கு எழுதுன ஏடுங்கள்ல தொடங்குறப்ப "இயேசுவே துணை செய்யும்"ங்கிறதுக்கு ரெண்டு எழுத்து, முடிக்கிறப்ப "தேவனுக்கே மகிமை"ங்கிறதுக்கு மூணு எழுத்து போடுவாரு. நம்ம பிள்ளையார் சுழி மாதிரின்னு வச்சுக்கோங்க.

இன்னொண்ணு சொல்லணும், இதுதான் நான் எழுத வந்ததே. ஒலிவியே மெஸ்ஸியான்னு ஒரு பிரெஞ்சுக்காரரு, பாரிஸ்ல திரித்துவ ஆலயத்துல ஆர்கன் வாசிச்சவரு, தீவிரமான கத்தோலிக்கரு. ரெண்டாம் உலகப்போர்ல பட்டாளத்துல மருத்துவ உதவியாளா இருந்தப்ப 1940ல ஜெர்மன்காரங்க பிடிச்சு கோர்லிட்ஸ்ங்கிற ஊர்ல போர்க்கைதிங்க முகாம்ல போட்டுட்டாங்க. குளிரு, பசி. அதே கைதிங்கள்ல ஒருத்தரு வயலின், ஒருத்தரு செல்லோ, அதாவது கீழ்ச்சுரத்துல பேசுற பெரிய வயலின் மாதிரி, ஒருத்தரு கிளாரினெட். இவருக்குப் பியானோ. அங்க இருந்த ஒரு ஜெர்மன் அதிகாரி எழுத காயிதமும் பென்சிலும் குடுத்து உதவியிருக்காரு. அந்த நாலு கருவிக்கும் எட்டு பகுதியா "காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை"ன்னு எழுதி, 1941 ஜனவரி 15ந்தேதி முகாம் கொட்டகைக்குள்ள, கட்டை ஒழுங்கா எழும்பாத ஒரு பழைய பியானோவ வச்சு வாசிச்சாங்க. கேட்டதெல்லாம் கைதிங்களும் காவக்காரங்களும். வெளிப்படுத்தின விசேஷம் பத்தாம் அதிகாரத்துல ஒரு தேவதூதன் கைய உயர்த்தி இனி காலம் செல்லாதுன்னு ஆணையிடுவான்லா, அதுதான் இதுக்கு மூலம். ஜெயில்ல கெடக்குறவனுக்கு நாள எண்ணுறதுதான் பெரிய வேதனை. அந்தக் காலமே ஒரு நாள் இல்லாம போகும்ங்கிறத நம்பி எழுதியிருக்காரு பாருங்க.

அதுல அஞ்சாவது பகுதிய அம்மாவுக்குப் போடுங்க. செல்லோவும் பியானோவும் மட்டும். முடிவே இல்லாத மெதுவுலன்னு அவரே குறிச்சிருக்காரு. பியானோ ஒரே சீரா தொட்டுக்கிட்டே இருக்கும், அது மேல செல்லோ ஒரு நீண்ட பாட்ட இழுத்துக்கிட்டே போகும், எங்க மூச்சு விடுறாங்கன்னே தெரியாது. எட்டு நிமிஷம் போல வரும். ராத்திரி கேக்குறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்.

நம்ம ஆளுங்களுக்கு ஒரு சேதி: இதே இசைல முதல் பகுதில பியானோ பிடிக்கிற தாளம் நம்ம சார்ங்கதேவரோட சங்கீத ரத்னாகரத்துல இருந்து எடுத்தது. ராகவர்த்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம்னு மூணு தேசி தாளம். பதிமூணாம் நூற்றாண்டு இந்திய நூல்ல இருந்த தாளம் ஐரோப்பாக் கைதி முகாம்ல ஒலிச்சிருக்கு.

தங்கச்சி, நம்பிக்கை வேணுமான்னு கேட்டீங்கல்ல. அந்த நாலு பேர்ல கிளாரினெட் வாசிச்ச ஆன்ரி அக்கோக்கா ஒரு யூதரு. மெஸ்ஸியானோட இயேசுவப் பத்துன இசைய நாஜி முகாமுக்குள்ள நின்னு ஊதியிருக்காரு. மூணாவது பகுதில அவரு மட்டுந்தான், பறவைகளோட பாதாளம்னு பேரு, ஒத்தக் கிளாரினெட். சத்தமே இல்லாத இடத்துல இருந்து கெளம்பி காது அடைக்கிற அளவுக்கு ஒரே சுரம் பெருகி வரும். சில மாசத்துல அவரு ஓடுற ரயில்ல இருந்து கிளாரினெட்டோட குதிச்சுத் தப்பிச்சுட்டாரு. என் விசுவாசம் எனக்குப் பெருசு, அத நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன், அது இல்லாம மெஸ்ஸியான் ஒரு சுரம் கூட எழுதியிருக்க மாட்டாரு. ஆனா அந்த ராத்திரி அத ஒலிக்க வச்சதுல அக்கோக்காவோட மூச்சும் இருக்கு. நீங்க விடியக்காலம் அம்மா பக்கத்துல உக்காந்திருக்கிறதும் எனக்கு அப்படித்தான் தெரியுது.

---

வலிகாமம்:

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில இருக்கிறன். இதையெல்லாம் வாசிச்சுப்போட்டு எழுதாமல் இருக்க ஏலாமல் போச்சு.

1995 ஒக்டோபர் முப்பதாம் திகதி இரவு, போர் நெருங்கி வர, யாழ்ப்பாணத்தில எங்கட வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க வீடு வாசலை விட்டு வெளிக்கிட்டது. எனக்கு அப்ப பதினொரு வயது. நாவற்குழிப் பாலத்தடியில சனம் அடி எடுத்து வைக்க இடமில்லாமல் நிண்டது, மழை வேற. என்ரை அம்மம்மா ஒரு கையில என்னைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையில அரிக்கன் லாம்பு. அவ கோளறு பதிகத்தைத்தான் பாடிக்கொண்டு வந்தவ, "வேயுறு தோளிபங்கன்". பாட்டெண்டு சொல்ல ஏலாது, குளிரில பல்லு அடிக்கிற சத்தத்தோட ஒரு முணுமுணுப்பு. எங்களுக்கு முன்னால போன ஆரெண்டே தெரியாத ஒரு அம்மா அடுத்த அடியை எடுத்துக் குடுத்தவ, பேந்து பின்னால இருந்த ஒரு ஐயாவும் சேர்ந்தவர். "ஆசறு நல்ல நல்ல" எண்டு வாற இடம் மட்டும் எல்லாரும் சேர்ந்து வந்தது. நாளும் கோளும் நல்லதெண்டு அந்த இரவில சொல்லுறது.

அம்மம்மாவை நான் பேந்து கேட்டனான், உங்களுக்குப் பயமில்லையோ எண்டு. பயத்திலதானே பிள்ளை பாடினனான் எண்டவ.

எனக்கு இப்ப நம்பிக்கை இருக்கோ இல்லையோ எண்டு ஆரும் கேட்டால் பதில் இல்லை. ஆனால் பனிகாலத்தில கார் ஓடேக்க வாயில வாறது அந்தப் பதிகம்தான்.

---

நூல்கண்டு:

எல்லாருக்கும் நன்றிங்க. தனித்தனியா எழுதணும்னு நெனச்சேன், கை வரல, நாலு நாள் கழிச்சு இப்பத்தான் உக்காந்திருக்கேன்.

நைட்டுஷிஃப்ட் அக்கா, நீங்க சொன்ன மாதிரியே நோட்டு போட்டு டாக்டர்கிட்ட காட்டினேன். ராத்திரி மருந்து அளவ மாத்திக் குடுத்திருக்காங்க. ரெண்டு நாளா மூணரைக்கு எந்திரிக்கறதில்ல, நாலேமுக்கா ஆகுது. இத முன்னாடியே கேக்காம விட்டுட்டேனேன்னு இருக்குது.

வலிகாமம் அக்கா எழுதினத அம்மாவுக்கு படிச்சுக் காட்டினேன், அவங்க ஒண்ணும் சொல்லல, போர்வைய இழுத்து காலு மேல போட்டுக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அந்த அம்மாயி இருக்காங்களான்னு கேளுன்னாங்க.

சுந்தரர் போட்டுக் காட்டினேன். "வாழ்ந்து போதீரே" வர்ற இடத்துல எல்லாம் அம்மா தலைய ஆட்டிக்கிட்டே இருந்தாங்க, நாலாவது தடவை கூடவே சொன்னாங்க. கீமோ ஆரம்பிச்சதுல இருந்து சாமிகிட்ட அவங்க கோவப்பட்டு நான் பாத்ததே இல்ல. பாத்தப்ப எனக்கு என்னவோ நிம்மதியா இருந்துச்சுங்க, அத எப்படி சொல்றதுன்னு தெரியல.

அப்புறம் அந்த செல்லோ. நேத்து விடியக்காலம் ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் இயர்போன் மாட்டிக்கிட்டு கேட்டோம். பாதி வரைக்கும் அம்மா கண்ண மூடிட்டே இருந்தாங்க, தூங்கிட்டாங்கன்னு நெனச்சேன். முடிஞ்சதும் "இது யாரு எழுதினது?"ன்னாங்க. டெனர் அண்ணன் எழுதின கதையச் சொன்னேன், பனி, முகாம், ஒடைஞ்ச பியானோ எல்லாம். கேட்டுட்டு "அவருக்கு சோறு போட்டாங்களா அங்க?"ன்னு கேட்டாங்க. கொஞ்சமாத்தான் போட்டிருப்பாங்கம்மா, வெளிய வந்து ரொம்ப வருஷம் இருந்தாரு, 1992லதான் போனாருன்னேன். சரி சரின்னாங்க.

கெடிலம் ஐயா, நீங்க வாய் அசையுதான்னு பாக்கச் சொன்னீங்க. அசையுதுங்க. இன்னைக்கு நானும் கூட பாடிப் பாத்தேன், சின்னப் புள்ளைல கேட்டது, வார்த்தை பாதி மறந்துபோச்சு. "தோற்றாதென் வயிற்றின் அகம்படியே"ன்னு பாடி மூச்சு விட்டேன். அம்மா என் முட்டில தட்டி "அங்க நிறுத்தக்கூடாது கண்ணு, 'குடரோடு' வரைக்கும் சேத்து எடு"ன்னாங்க. ரெண்டாவது தடவையும் எனக்கு மூச்சு பத்தல. அவங்களுக்குப் பத்துச்சு.